இரண்டு கணக்கு, ஒரே நம்பர்

ஆபீசுக்கு ஒரு ஃபேஸ்புக் கணக்கு, சொந்தபந்தங்களுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டால் நிம்மதிதானே?

யாருக்கு? இரண்டுக்கும் ஒரே செல்போன் நம்பர்தானே கொடுத்தீர்கள்! உங்கள் மேனேஜர் தன் போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் ஃபேஸ்புக்கில் ஏற்றினால் போதும், 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று உங்கள் குற்றாலக் குளியல் படத்தை அது அவர் முன்னால் நீட்டக்கூடும். புது சிம் வாங்கிக்கொள்கிறேன் என்பீர்கள். இரண்டு பக்கமும் நட்பில் இருக்கிற பக்கத்து சீட்டுக்காரரை என்ன செய்வீர்கள்? ஸ்க்ரீன்ஷாட் எடுக்க அவருக்கு ஒரு விநாடி ஆகுமா? ஆகவே கணக்கைப் பிரிப்பதைவிட ஆளைப் பிரிப்பது நல்லது: ஆபீஸ் ஆட்களை நட்பில் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் அவர்கள் பார்க்கக் கூடாததை எழுதாதீர்கள். 'அப்படியானால் வேலையில் இருப்பவன் வாயே திறக்கக் கூடாதா?' என்று கோபப்படாதீர்கள். தாராளமாகத் திறக்கலாம். ஓய்வு பெறும் தறுவாயில், அரசியல் கூட்டத்துக்குப் போனதாகவும் ஃபேஸ்புக்கில் எழுதியதாகவும் நடவடிக்கைக்கு உள்ளான ஓர் அரசு ஊழியரின் வழக்கில், அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு என்று திரிபுரா உயர்நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. நடவடிக்கை தொடங்கியது 2018-ல். பதிவு போட ஒரு நிமிடம், நியாயம் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம். அதுவரை வக்கீல் ஃபீஸை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பதாக உத்தேசம்?