சிங்கப்பூர் நாலு மணி நேரமா? ஒரு மறுப்பாய்வு

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று புதுக்கோட்டைப் பக்கத்து ஆலங்குடிக்காரரைக் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "நாலு மணி நேரம்" என்பார். விமானக் கம்பெனிகளும் அப்படித்தான் சொல்கின்றன. இருதரப்பும் தவறு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வான்வழியில் ஏறக்குறைய 3,000 கி.மீ. (திருச்சி விமான நிலையம் என்பது வெறும் வழக்கு. அது இருப்பதென்னவோ புதுக்கோட்டை சாலையில். நம்மூர்க்காரர் திருச்சி டவுனுக்குள் கால் வைக்காமலே கடல் தாண்டிவிடலாம். பெயர் யாருக்குச் சேர வேண்டும் என்பது தனி ஆய்வுக்குரியது.) இங்கே நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால் அங்குள்ள கடிகாரத்தில் காலை 6.30க்கு இறங்கலாம். அங்கே 12 மணிக்கு ஏறினாலோ நம் கடிகாரத்தில் 1.30க்கே வந்துவிடலாம். போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி!

ஒன்றரை மணியில் 3,000 கி.மீ. என்றால் வேகம் மணிக்கு 2,000 கி.மீ. கான்கார்டு 2003இல் ஓய்வுபெற்ற பிறகு, ஒலியை முந்திக்கொண்டு ஆட்களை ஏற்றி வருவது ஊர் திரும்பும் இந்த விமானங்கள் மட்டுமே. ஊர்ப்பாசமே உந்துவிசை என்பது நம் கருதுகோள்.

இது வெறும் நேர வித்தியாசம் என்று சிலர் வாதிடக்கூடும். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதுவரை போக ஆறு மணி, வர இரண்டு மணி என்றுதான் கணக்கு. அரசாணை போட்டே ஓர் ஊரைத் தள்ளி வைக்கலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன தாத்தாக்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒரு வாரம் கடலில் கிடந்தவருக்கு இரண்டு மணி கூடினாலென்ன, குறைந்தாலென்ன?

காற்றைக் காரணம் காட்டுவோரும் உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில், விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1950களில் விளக்கியது இது. ஊர் திரும்பும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும்தான். ஆனால் அதில் மிச்சமாவது நிமிடங்கள். போக்குக்கும் வரவுக்கும் இடையிலான ஐந்து மணி நேரத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

எந்த அட்டவணையிலும் ஏறாதது தரைப்பகுதி. பெட்டி தராசில் ஏறும். முப்பது கிலோவைத் தாண்டினால் சட்டைகள் இறங்கும், ஊறுகாய் இறங்காது. குலதெய்வத்துக்குச் சூடம், கீரனூரில் டீ, அழுகை, மறுபடி டீ. போகிறவர் ஒருவர், வழியனுப்ப வேன் நிறைய ஆள். ஆலங்குடியிலிருந்து விமான நிலையம் வரையிலான இந்த எழுபது கி.மீ.க்கு ஆகும் நேரத்தில் விமானம் வங்கக் கடலைத் தாண்டியிருக்கும்.

எனவே வழியனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேன் கதவைச் சாத்துமுன், பயணம் போகிறவர் ஏறிவிட்டாரா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.