விளக்கா, வீட்டுப் பத்திரமா?

கேள்வி: கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசை. மலிவு எல்இடி விளக்கு போதுமா, கடன் வாங்கியாவது உயர்ரகம் வாங்கணுமா?
– வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகிறது. அந்தப் பாசி முக்கியமாகக் கேட்பது 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி. விளக்கின் பிராண்டை அது விசாரிப்பதில்லை. லெதர் கோரல், சோவாந்திட் வகைகளுக்கு, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரில் 50 முதல் 150 காட்டினாலே தாராளம்; சுமாரான விலை விளக்கே சமாளிக்கும். என்ன, நடுவில் சித்திரை வெயில், மூலையில் அமாவாசை என்று இருக்கும். முதல் நாளே முழு வெளிச்சம் போட்டால் பவளம் வெளுத்துவிடும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

250க்கு மேல் சீரான ஒளி கேட்பது அக்ரோபோரா போன்ற கல்பவளங்கள். உயர்ரக விளக்கின் அருமை அங்கேதான் தெரியும். ஆனால், நம் நாட்டில் கல்பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆக, மலிவு விளக்கு பர்ஸுக்கு மட்டுமல்ல, ஜாமீன் செலவுக்கும் சிக்கனம்!