நாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்

கேள்வி: கணிதம் படிக்கும் என் மகள் துணைப்பாடமாகத் தத்துவம், அரசியல், பொருளாதாரம், சட்டம் நான்கும் சேர்ந்த ஒன்றை எடுக்கிறாளாம். நாலையும் கலந்தால் எதுவாவது உருப்படுமா?

பதில்: கலந்தது அவள் கல்லூரி அல்ல, பிரித்தது நாம்தான்! ஒரே வீட்டில் வளர்ந்த இந்த நாலு பிள்ளைகளும் பிற்பாடுதான் தனிக்குடித்தனம் போனார்கள். 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ எழுதிய ஆடம் ஸ்மித், கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்தவர். அதே வகுப்பில் சட்டமும் வணிகமும் நடத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு 1920-களில் முதல் மூன்றையும் சேர்த்து ஒரு பட்டமே தொடங்கியது. பிரதமர்களாக இருந்த ஹரால்டு வில்சன், பெனசிர் பூட்டோ, ரிஷி சுனக் எல்லாம் அதைப் படித்தவர்கள்தான்.

நாலும் ஏன் சேர வேண்டும் என்பதற்கு, வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடும் வீடு குறையுமே என்பார் பொருளாதார வாத்தியார். குடியிருப்போர் ஓட்டு அதிகமாயிற்றே என்பார் அரசியல்காரர். காலி செய்ய மறுத்தால் என்ன வழி என்பது வக்கீலின் கவலை. வீடு சொத்தா, உரிமையா என்று அடிமடியில் கை வைப்பது தத்துவம். நாலில் ஒன்றை விட்டுவிட்டு எழுதும் சட்டம், ஏழைக் குடித்தனக்காரர் தலையில்தான் விடியும்.

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தபோதே தத்துவ அறிஞர் ஜான் டூயியிடமும் பாடம் கேட்டு, லண்டனில் பாரிஸ்டரும் ஆனவர் அம்பேத்கர். நம் அரசியல் சட்டத்தில் அத்தனை படிப்பும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: நாலையும் ஒரே பிரச்சினையில் மோதவிடும் வகுப்பு ஒன்றாவது உண்டா? இருந்தால், இன்றே சேரச் சொல்லுங்கள்.