கிராம் கணக்கர்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில், கணினி நிறுவனங்களின் வளர்ச்சியோடு சேர்ந்து வளர்ந்துவிட்ட ஒரு மனித வகை உண்டு. உணவையும் உடையையும் உறைவிடத்தையும் முதுகுப்பையில் சுமந்தபடி மலைகளில் நாள்கணக்காக நடப்பதே தம் வாழ்வின் இலட்சியம் என்று அறிவித்துவிட்டு, அதற்கு வேண்டிய கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிடும் இவ்வகையினரைக் கிராம் கணக்கர் என்று அழைப்பது பொருந்தும். இவரை மலையேறுபவரோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. மலையேறுபவர் மலையைக் கண்டால் ஏறத் தொடங்குகிறார். கிராம் கணக்கரோ மலையைக் கண்டால், அதன் உச்சியில் அடிக்கும் காற்றுக்குத் தாம் வாங்க நினைத்திருக்கும் கூடாரத்தின் வளைகழி தாங்குமா என்ற யோசனையில் ஆழ்ந்து, அடிவாரத்துத் தேநீர்க் கடையிலேயே அமர்ந்துவிடுகிறார்.

இவரை அடையாளம் காண்பது எளிது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதை உள்ளங்கையில் இரண்டு முறை ஏற்றி இறக்கி எடை மதிப்பிடுவார். இவருடைய பல் தூரிகையின் கைப்பிடி பாதியாக அறுக்கப்பட்டிருக்கும். டீசர்ட்டின் கழுத்துப் பட்டையில் இருந்த துணிச்சீட்டு, எடைக் குறைப்பு நடவடிக்கையில் கத்தரிக்கப்பட்டிருக்கும். வீட்டுச் சமையலறையில் கேக்குக்கு மாவு நிறுக்க வாங்கிய டிஜிட்டல் தராசு இவருடைய மேசைமேல் இருக்கும் என்பதையும், மனைவி அதைத் தேடுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருக்கும் என்பதையும் உறுதியான அறிகுறிகளாகக் கொள்ளலாம்.

இவருடைய சமயத்துக்கு மூலவர் ஒருவர் உண்டு. விண்வெளிப் பொறியாளராக இருந்து மலையேற்றத்துக்கு வந்த அமெரிக்கரான ரே ஜார்டின், 1990களின் தொடக்கத்தில் எழுதிய நடைப்பயணக் கையேட்டின் வழியே, தொலைதூரம் நடப்பவர் கனத்த சுமையைத் தூக்க வேண்டியதில்லை என்றும், பையையும் மழைமறைப்பையும் தாமே தைத்துக்கொள்ளலாம் என்றும் எடுத்துக்காட்டினார். அந்த மரபில் வந்தவர்கள் வகுத்த இலக்கணத்தில் மையமான சொல் அடிப்படை எடை என்பதாகும். உண்ணவும் குடிக்கவும் எரிக்கவும் தீர்ந்துபோகும் பொருள்களை விலக்கிவிட்டு, பையில் மீதமிருக்கும் எல்லாவற்றின் கூட்டு எடையே அது. அவ்வெடை பத்துப் பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால் நடப்பவர் மிகையிலேசு வகுப்பில் தேறியவராகிறார். இக்கணக்கில் உடலின் எடை சேராது என்பது கவனிக்கத்தக்கது. "டென்ட்ல இருநூறு கிராம் குறைக்க எட்டாயிரம் ரூபாயா? அதை வயித்துல குறைச்சிருந்தா காசே செலவாயிருக்காதுங்க" என்று மனைவி சொல்லும்போது, கிராம் கணக்கர் சற்றும் கோபப்படாமல், அடிப்படை எடையின் வரையறையை முதலிலிருந்து விளக்கத் தொடங்குவது இதனால்தான்.

அந்த நாலரைக் கிலோவில் பெரும்பங்கை விழுங்குவன பை, படுக்கை, கூடாரம் ஆகிய மூன்றும் என்பதாலும், அவற்றுள் கூடாரமே அதிக வாதத்துக்கு இடம் கொடுப்பது என்பதாலும், தேர்வு அங்கே குடிகொள்கிறது. விலை குறைவாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், உறுதி குறையக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளோடு இவர் சந்தையில் இறங்குகிறார். இம்மூன்றும் ஒரே கூடாரத்தில் குடியிருப்பதில்லை என்பது சந்தையின் பழைய விதி. மூன்று கிலோ எடையுள்ள இருவர் கூடாரம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. எடையை இரண்டு கிலோவுக்கு இறக்க அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தர வேண்டியிருக்கிறது. பந்தயப் பாய்மரங்களுக்காக உருவான, முன்பு கியூபன் ஃபைபர் என்றும் இப்போது டைனீமா கலவைத் துணி என்றும் வழங்கப்படும் பொருளில் தைத்து, அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் கூடாரமோ அமெரிக்காவிலேயே 600 டாலருக்கு மேல் விலை சொல்கிறது. முதல் கிலோவைக் குறைப்பது மலிவு, கடைசி நூறு கிராமைக் குறைப்பதே சொத்தை அழிப்பது என்ற இந்த உண்மையைக் கண்டறிந்ததும் சாதாரண மனிதர் இரண்டு கிலோக் கூடாரத்தை வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். கிராம் கணக்கர் எக்செல் தாளைத் திறந்து, குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் எத்தனை ரூபாய் என்று புதிய பத்தி ஒன்றைச் சேர்க்கிறார்.

அத்தாளின் பத்திகள் இவருடைய கல்வியின் ஆழத்தைக் காட்டுவன. டெனியர் என்பது இழையின் பருமனைக் குறிக்கும் அளவு. 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். மலிவான கூடாரங்களின் துணி எழுபதை ஒட்டியும், இலேசானவை இருபதிலோ அதற்கும் கீழோ அமைவதால், இந்த எண்ணைக் கேட்காமல் இவர் குடை கூட வாங்குவதில்லை. நீர்த்தம்ப அளவு என்பது இன்னொன்று: துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி, அதில் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அடிப்பக்கம் துளிர்க்கிறது என்று பார்க்கும் சோதனை அது. நல்ல மழைக்கு 1,500 மில்லிமீட்டர் போதும் என்றும், உட்காரும்போதும் முட்டி ஊன்றும்போதும் அழுத்தம் கூடுவதால் தரைத்துணிக்குக் கூடுதலாக இருப்பது நல்லது என்றும் அறிந்தவர்கள் சொல்வார்கள். கிராம் கணக்கர் 5,000 கேட்பார். வடகிழக்குப் பருவமழையில் சென்னையை அறிந்தவர் என்ற வகையில் அதை மட்டும் மன்னித்துவிடலாம்.

துணி நைலானா பாலியெஸ்டரா என்ற பிரிவில் இவர்களுக்குள் இரண்டு சாதிகளே உண்டாகியிருக்கின்றன. சிலிக்கோன் ஏற்றிய நைலான் கிழிசலைத் தாங்குவதில் வல்லது, ஆனால் நனைந்தால் நீண்டு, இரவில் இழுத்துக் கட்டிய கூரை விடியலில் தொய்ந்து முகத்தில் படும். பாலியெஸ்டர் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகப் பொறுக்கும், ஆனால் அதே எடையில் சற்று வலு குறைந்தது. இவ்விரண்டில் எது மேல் என்ற விவாதத்தில் நண்பர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வதுண்டு. இருவருள் ஒருவரும் இதுவரை நனைந்ததில்லை என்பது விவாதத்தின் தீவிரத்தை எவ்வகையிலும் குறைப்பதில்லை.

கடைக்கு இவர் செல்லும் காட்சி தனியே விரித்துரைக்கத்தக்கது. டெகத்லான் போன்ற பெரிய கடைகளில் கூடாரங்களை விரித்தே வைத்திருப்பார்கள். கிராம் கணக்கர் செருப்பைக் கழற்றி வெளியே முறையாக வைத்துவிட்டு, உள்ளே தவழ்ந்து சென்று, கைகளை மார்பின்மேல் கட்டி மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, நெற்றிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை உணர்ந்துகொண்டிருப்பார். வாசலில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இருவர் கூடாரம் என்பது இரண்டு படுக்கைகளை இடைவெளியின்றிப் போட்டால் சுவரைத் தொடும் அகலம் மட்டுமே என்பதால், எழுதியிருப்பதில் ஒருவரைக் கழித்துக்கொள்வதே வழக்கம். இதைப் பக்கத்தில் நிற்கும் கடைப் பையனுக்குக் கற்பித்து முடிப்பதற்குள், பந்து வாங்க வந்த யாரோ ஒருவரின் குழந்தை உள்ளே நுழைந்து அருகில் படுத்துக்கொள்ள, கொள்ளளவு பற்றிய செய்முறை விளக்கமும் நிறைவேறுகிறது. இவர் வாங்குவதில்லை. எடைச் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறார்.

கடைசியில் வாங்குவது எங்கிருந்தோதான். டாலஸிலிருந்து ஊர் வரும் மைத்துனரின் பெட்டியில், விமான நிறுவனம் அனுமதிக்கும் 23 கிலோவுக்குள், வைட்டமின் மாத்திரைகளுக்கும் பாதாம் பைகளுக்கும் நடுவே அது வந்து சேர்கிறது. அதற்கு இடம் விட, மாமியாருக்கு வர வேண்டிய குக்கர் ஒன்று அங்கேயே நின்றுவிட்ட செய்தி பின்னர்த் தெரிய வரும். பிரித்ததும் தராசில் ஏறும் கூடாரம், விளம்பரத்தில் சொன்னதைவிட ஏறத்தாழ இருநூறு கிராம் கூடுதலாக நிற்கும். இது மோசடி அன்று. நடை எடை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பது உட்கூடு, மேலுறை, கழிகள் ஆகியவற்றின் எடையை மட்டுமே. தரையில் அடிக்கும் முளைகளும், இழுத்துக் கட்டும் கயிறுகளும், சுருட்டி வைக்கும் பைகளும் கட்டு எடை என்னும் இன்னொரு கணக்கில் ஒளிந்திருக்கும். கிராம் கணக்கர் அன்று இரவு தூங்குவதில்லை. முளைகளை டைட்டானியத்துக்கு மாற்றினால் என்ன குறையும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளோட்டம் மொட்டைமாடியில் நடைபெறுகிறது. கூடாரங்களுள் தன் கழிகளின் வலுவில் தானே நிற்பது ஒரு வகை. நடைக்கோல் இரண்டை நட்டு, நான்கு புறமும் முளையடித்து இழுத்தால் மட்டுமே நிற்பது இன்னொரு வகை. பின்னதே இலேசு என்பதால் இவர் வாங்கியிருப்பதும் அதுவே. காங்கிரீட் தளத்தில் முளை இறங்காது என்ற உண்மை எக்செல் தாளுக்குள் வராமல் போனது அப்போதுதான் தெரிகிறது. ஆகவே ஒரு மூலைக்கு இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், ஒரு மூலைக்கு மூன்று செங்கல், ஒரு மூலைக்கு டிஷ் ஆண்டெனாவின் கால், நான்காவதற்குத் துணி காயப்போடும் கொடிக்கம்பி என்று கட்டி, ஒரு கிலோவுக்கும் குறைவான கூடாரம் நாற்பது கிலோ துணைக்கருவிகளின் உதவியால் எழுந்து நிற்கிறது. வடகத்தைப் பார்க்க வந்த மேல்வீட்டு மாமி, "என்ன விசேஷம்ப்பா, பந்தல் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வடகத் தட்டை அதன் நிழலிலிருந்து நகர்த்தி வெயிலில் வைத்துச் செல்கிறார்.

அன்றிரவு அதில் படுக்கும் கிராம் கணக்கர், விடியலில் கூரையின் உட்புறமெங்கும் நீர்த்துளிகளைக் கண்டு, துணி ஒழுகுகிறது என்று முடிவுகட்டுகிறார். வானத்தில் மேகமே இல்லை. மனிதர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராவதே இது. வெளியுறையும் வலைபோன்ற உட்கூடுமாக இரண்டு அடுக்கு இருந்தால் அந்த நீர் உறங்குபவர்மேல் படாது, ஓரடுக்காக இருந்தால் படும். அந்த இரண்டாவது அடுக்கை எடைக்காக வேண்டாமென்று தள்ளியவர் அவரேதான்.

இந்தக் கூடாரத்தை எங்கே விரிப்பது என்பது தனிச் சிக்கல். தமிழகத்தின் காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீப் பேரிடருக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024இல் அரசு நாற்பது வழித்தடங்களோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்திலும் பெரும்பாலானவை காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுபவை. இமயமலைக்குப் போனாலோ ஏற்பாட்டாளர்களே கூடாரம் தருகிறார்கள், அதைக் கோவேறு கழுதைகள் சுமக்கின்றன, கூடுதல் பணம் கட்டினால் பயணியின் பையையும் அவையே ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியிருப்பது தனியார் தேயிலைத் தோட்டங்கள். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடுமுரடான பாதையில், கிராம் கிராமாகக் குறைக்கப்பட்ட அந்தக் கூடாரம் ஜீப்பில் பயணம் செய்கிறது. மேலே தங்குமிடத்தார் ஏற்கெனவே வரிசையாகக் கூடாரங்களை விரித்து வைத்திருக்க, கிராம் கணக்கர் அவற்றின் துணியை விரலால் நிமிண்டி டெனியர் விசாரிக்கிறார். "தெரியாது சார். மழை வந்தா ஜீப்புல வந்து படுத்துக்கலாம்" என்கிறார் அங்குள்ள பணியாளர். கூடாரத் தேர்வு குறித்து இவ்வளவு தெளிவான கருத்து வேறெங்கும் பதிவாகியிருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு கூடாரம் பரண் ஏறுகிறது. நீர்புகாமைக்காகத் துணியில் பூசும் பாலியுரித்தேன் பூச்சு, ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் சிதைந்து பிசுபிசுத்துப் புளித்த நாற்றம் வீசும் இயல்புடையது. கடற்கரை நகரத்துப் பரணைவிட அதற்குத் தோதான இடம் கிடையாது. மலைமழையில் ஒரு துளியும் படாமலேயே பல கூடாரங்கள் இவ்வாறு கதிமோட்சம் அடைகின்றன. இதை அறிந்த கணக்கர்கள் அதற்கு முன்பே, ஒருமுறை மட்டும் பயன்படுத்தியது என்று குறிப்பிட்டு இன்னொரு கணக்கருக்கு விற்றுவிடுகிறார்கள். அந்த ஒருமுறை மொட்டைமாடியில் நிகழ்ந்தது என்பதை வாங்குபவர் கேட்பதில்லை. தாமும் அங்கேதான் விரிக்கப் போகிறார் என்பதால் இருக்கலாம்.

இவ்வகையினரை நல்வழிப்படுத்தும் நோக்கத்தோடு சிலர் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டியின் வரலாற்றை எடுத்துச் சொல்வதுண்டு. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவர், 1955இல் தம் 67ஆம் வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் நெடுவழியை, காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணியோடும், தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டும் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் அவரிடம் இல்லை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை வைத்திருந்தார். கிராம் கணக்கர் இதை முழு மௌனத்தோடு கேட்கிறார். முகத்தில் ஒரு மாற்றம் படர்வதைக் கண்டு, சொன்னவர் தம் முயற்சி பலித்தது என்று மகிழ்ந்து விடைபெறுகிறார். பக்கெட்டும் குவளையும் தவிர வேறெதையும் அறியாத குளியலறையைக் கொண்ட அந்த வீட்டில், அன்றிரவே எக்செல் தாளில் குளியலறைத் திரைகளுக்கென்று புதிய பக்கம் ஒன்று திறக்கப்படுகிறது. முதல் பத்தி எடை, இரண்டாவது டெனியர், மூன்றாவது வளையங்களைக் கழற்றிய பிறகு எடை.