களஞ்சியம் பெரிசு, பாலம்?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் புது சர்வர் வைத்ததிலிருந்து கோரல்டிரா ஃபைல் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஏன் இப்படி?
- ஒரு வடிவமைப்பாளர், செஞ்சி

பதில்: ஃபைலை உங்கள் கம்ப்யூட்டருக்கே நகலெடுத்துத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் கோளாறு பெரும்பாலும் சர்வரிலிருந்து வரும் வழியில்தான். உங்கள் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை உச்சிக்குப் போகப் பள்ளத்தின் மேலுள்ள பாலத்தைத் தாண்டியாக வேண்டும். மேலே களஞ்சியம் எத்தனை பெரிதானாலும் மூட்டை பாலத்தின் அகலத்துக்குத்தான் வரும். 500 எம்.பி. ஃபைல் 100 மெகாபிட் சுவிட்சில் வர 40 நொடியாவது ஆகும். ஜிகாபிட் சுவிட்சில் ஏறக்குறைய 4 நொடி. பழைய சுவிட்சையும் கேபிளையும் மாற்றுங்கள்.

நகலும் மெதுவாகவே திறக்கிறதா? அப்படியானால் அது பழைய சர்வரைத் தேடிக்கொண்டிருக்கலாம். இணைத்த படங்களின் முகவரியும் டீஃபால்ட் பிரிண்டரும் பழைய பெயரிலேயே இருக்கக்கூடும். நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698-ல் மொகலாயப் படை உங்கள் கோட்டைக்குள் நுழைந்தபோது, உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் முன்பே வெளியேறியிருந்தார். உங்கள் ஃபைலும் போய்விட்டவரைத் தேடித்தான் காத்து நிற்கிறது. படங்களைப் புது முகவரியில் மறுபடி இணையுங்கள், பிரிண்டரை மாற்றுங்கள். டீயை நிதானமாக, வேலை முடிந்தபின் குடிக்கலாம்.