வளைந்து கொடுத்த ஹீரோ

கே: பழைய அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஒன்றே ஒன்றைப் படிக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ப: யோசிக்கவே மாட்டேன், 'பிளாஸ்டிக் மேன்'தான். 1941 ஆகஸ்ட் தேதியிட்ட 'போலீஸ் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தார். கதை, ஓவியம் இரண்டும் ஜாக் கோல். இழுத்தால் நீள்வார், அழுத்தினால் தட்டையாவார், நினைத்தால் நாற்காலியாவார்.

கே: அந்தச் சக்தி எங்கே கிடைத்தது?

ப: திருடப் போன இடத்தில்! ஈல் ஓ'பிரையன் என்ற கொள்ளைக்காரர் கூட்டாளிகளோடு ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குள் புகுந்தார். காவலாளி சுட்டதில் குண்டடி பட்டது, மேலே அமிலமும் கொட்டியது. கூட்டாளிகள் அவரை அம்போவென்று விட்டுவிட்டுக் காரில் பறந்துவிட்டார்கள். மயங்கி விழுந்தவரைப் போலீஸிடம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியவர் ஒரு துறவி. உடம்பு ரப்பராகிவிட்டது, மனமும் இளகிவிட்டது. முதல் வேலையாகப் பழைய கூட்டாளிகளைப் பிடித்தார்.

கே: அவர் மாறுவேடம் போட்டால் எங்களுக்குத் தெரிகிறது. வில்லனுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

ப: கோலின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் மேன் மேஜையாக மாறட்டும், கம்பளமாக மாறட்டும், உடையின் சிவப்பும் இடுப்பிலுள்ள கறுப்பு-மஞ்சள் பட்டையும் மாறுவதில்லை. அந்தச் சிவப்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டே வில்லன் சதி பேசுவான். ஹீரோவுக்கு விஷயம் தெரியும், நமக்கும் தெரியும், உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியாது. இது காமிக்ஸ்தான் என்பதைக் கோல் ஒளிப்பதே இல்லை. வாசகரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்.

கே: அப்படியானால் இது சூப்பர் ஹீரோக்களைக் கிண்டலடிக்கும் கதையா?

ப: இல்லை. கிண்டல் வேண்டுமானால் 1953-ல் 'மேட்' இதழில் ஹார்வி கர்ட்ஸ்மனும் வாலி வுட்டும் செய்த 'சூப்பர்டூப்பர்மேன்' இருக்கிறது. அது தனிச் சுவை. கோல் தன் ஹீரோவை முழுசாக நம்பினார். துப்பாக்கி நிஜமாகவே வெடிக்கும், ஆட்கள் நிஜமாகவே சாவார்கள். பிளாஸ்டிக் மேன் தன் வேலையில் கண்ணும் கருத்துமாக இருப்பார். அவரைச் சுற்றியுள்ள உலகம்தான் கோணல்மாணல்.

கே: கூடவே வரும் அந்தக் குண்டு ஆசாமி?

ப: வூஸி விங்க்ஸ், 1942-ல் வந்து சேர்ந்தவர். புள்ளிச் சட்டைதான் அடையாளம். ஒரு மந்திரவாதியைக் காப்பாற்றியதற்கு, இயற்கையே அவருக்குக் காவல் நிற்கும் என்று வரம் கிடைத்தது. வரத்தை நல்லதற்குப் பயன்படுத்துவதா, கெட்டதற்கா? காசைச் சுண்டிப் பார்த்தார். கெட்டது ஜெயித்தது! அவரையும் திருத்தித் துணைவராக்கியது, திருந்திய நம் திருடர்தான்.

கே: 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ரீட் ரிச்சர்ட்ஸும் நீள்கிறாரே?

ப: அவர் வந்தது 1961-ல். கை நீண்டது, குறும்பு நீளவில்லை.

கே: ஜாக் கோல் பிறகு என்ன ஆனார்?

ப: 1954-ல், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஃபிரெட்ரிக் வெர்த்தம் எழுதிய நூலில், கோல் வரைந்த குற்றக்கதைப் படம் ஒன்றும் சான்றாகக் காட்டப்பட்டது. அதற்குள் கோல் 'பிளேபாய்' கார்ட்டூன்களுக்கு நகர்ந்து, வண்ண ஓவியத்தில் பெயர் வாங்கினார். 1958-ல் 'பெட்ஸி அண்ட் மீ' என்ற நாளிதழ்த் தொடரைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில், 43 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்தவருக்கு நேர்ந்த அந்த முடிவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கே: இந்தக் காமிக்ஸை எப்படிப் படிக்க வேண்டும்?

ப: இரண்டு முறை. முதலில் கதைக்காக, அடுத்தது கட்டங்களின் ஓரங்களுக்காக. ஹீரோவின் உடம்பு நெளிந்து போகும் வழியிலேயே உங்கள் கண்ணும் போகும்.

கே: இன்று ஹீரோ கதை எழுதுகிறவர்கள் கோலிடம் கற்க வேண்டியது?

ப: அவர் சிரிப்பை வசனத்தில் தேடவில்லை. ஹீரோவின் சக்தி எதுவோ, சிரிப்பும் அதிலிருந்தே பிறந்தது. சண்டையும் நகைச்சுவையும் ஒரே கோட்டில் வரையப்பட்டதால்தான் இரண்டுமே இன்னும் பழசாகவில்லை.