கண்ணாடி இறங்க ஒரு மனு

முன்பெல்லாம் கார்க் கண்ணாடியை இறக்கக் கதவில் ஒரு கைப்பிடி இருந்தது. சுற்றினால் இறங்கும். இப்போது ஓட்டுநர் தன் பக்கத்துப் பட்டனை அமுக்கிப் பின்கதவுக் கண்ணாடியை இறக்கப் பார்க்கிறார். பல கார்களில் பட்டனுக்கு அந்த மோட்டாரோடு நேரடிப் பழக்கம் கிடையாது. தன் கதவுக்குள் உட்கார்ந்திருக்கும் மின்னணுப் பெட்டியிடம் அது மனுக் கொடுக்கும். பெட்டி அதைச் செய்தியாக்கி, பல சமயம் ‘கேன்’ எனும் இரட்டைக் கம்பித் தடத்தில் அனுப்பும். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு. கட்டுக்கட்டான ஒயரை மிச்சப்படுத்தியது என்பதை மறுக்க முடியாது. பின்கதவுப் பெட்டி செய்தியைப் படித்து, சாவி போட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, மோட்டாருக்கு உத்தரவிடும். கோப்பு நகரும் பாதை தாலுகா ஆபீஸ்தான். ஆனால் கண் இமைப்பதற்குள் கையெழுத்தாகிவிடுகிறது, அதுதான் நம்ப முடியவில்லை.

கண்ணாடி ஏறும்போது இன்னும் வேடிக்கை. பல கார்களில் மோட்டாரின் சுழற்சியை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். வேகம் திடீரென்று குறைந்தால் யாரோ விரலை வைத்துவிட்டார் என்று பெட்டி தீர்மானித்து, கண்ணாடியைக் கீழே இறக்கிவிடும். குழந்தைகளின் விரலுக்கு நல்லதுதான். புழுதியேறி இறுகிப்போன ரப்பர் பட்டையையும் அது விரல் என்றே நம்பும். மழையில் நனைவது நாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல கார்களில் கண்ணாடிக்குத் தன் உச்சி எதுவென்றே மறந்துபோகும். முழுக்க ஏற்றி, பட்டனைச் சில விநாடி பிடித்திருந்து கற்றுத்தர வேண்டும். அதையே மெக்கானிக் செய்தால் பில்லில் தனி வரி.